கரைத் தெருவில் இரண்டு விளக்குகள்

அத்தியாயம் பதினான்கு

ஒரே ஒரு ஓட்டு. போன வாரம் கோலின் ராட்ரேயைப் போர்ட் கெரன் நகரத்தின் புரோவோஸ்ட் ஆக்கியது அந்த ஒற்றை ஓட்டுதான். சபையில் பதினோரு பேர்; ஆறு பேர் அவர் பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம்.

புரோவோஸ்ட் என்றால் எங்கள் ஸ்காட்லாந்து நகரங்களில் ஊருக்கே தலைவர். கழுத்தில் பொன் சங்கிலி, முன்னால் வெள்ளித்தடி ஏந்திய சேவகன், தெருவில் நடந்தால் தொப்பிகள் கழலும். வண்டிக்காரர் மகனாகப் பிறந்து, வலை மூட்டை சுமந்து, கடைசியில் இருநூறு பெண்கள் வேலை பார்க்கும் வலை ஆலைக்கு முதலாளியானவருக்கு இது கிடைத்ததை மேட்டுத் தெருப் பணக்காரர்களால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. முடியாதுதான். நான் கரைத் தெருவில் ராட்ரே வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். எனக்கே அவர் சங்கிலியோடு வீட்டுக்குத் திரும்பியதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

ஊரே கை குலுக்கிய அன்று வராத ஒருவர் உண்டு. ராட்ரேயின் மனைவி ஜெஸ்ஸிக்கு அண்ணன், படகுக்காரர் டேவி மெயர். துறைமுகக் கட்டணத்தை ஏற்றச் சொல்லிச் சபையில் பேசியது ராட்ரே என்பதால் மூன்று வருஷமாக அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. எங்கள் தெருவில் மெயர் என்ற பெயரில் அறுபது பேராவது இருப்பார்கள். பட்டப்பெயர் இல்லாவிட்டால் தபால்காரருக்கு விடிவே கிடையாது. டேவியின் பட்டப்பெயர் ‘டச்சுக்காரர்’. காரணம் யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலை எட்டு மணி. ஜெஸ்ஸி, ஓட்ஸ் மாவில் புரட்டிய ஹெர்ரிங் மீனை வாணலியில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊர்த் தலைவரின் மனைவி ஆன பிறகும் மீனை வேலைக்காரி கையில் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ராட்ரே ஏழு மணிக்கே சபைக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

கதவு தட்டப்பட்டது. நகரசபை மேஸ்திரி இன்னஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் ஒரு கைவண்டி. அதில் வைக்கோல் சுற்றிய இரண்டு இரும்புக் கம்பங்கள்.

ஜெஸ்ஸிக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் புரோவோஸ்ட் எந்த வீட்டில் தூங்குகிறாரோ அந்த வீட்டு வாசலில் சபை இரண்டு விளக்குகளை நடும். அவசரத்துக்கு ஊர்க்காரன் எவனும் அந்த வெளிச்சத்தைப் பார்த்து வந்து கதவைத் தட்டலாம். பதவி மாறினால் விளக்குகளும் பெயர்ந்து அடுத்தவர் வாசலுக்குப் போகும். நூற்றிருபது வருஷத்துக் கண்ணாடி, அதில் சிவப்பிலும் நீலத்திலும் ஊர் முத்திரை. இதுவரை அவை மேட்டுத் தெருவைத் தாண்டி இறங்கியதே இல்லை.

இன்னஸ் மரியாதையாகக் கேட்டான்.

“அம்மா, அந்தச் சாவியைக் கொடுத்தீங்கன்னா வேலையை ஆரம்பிச்சிடுவோம்.”

“எந்தச் சாவி?”

“மேட்டுத் தெரு வீட்டுச் சாவிதான். லாரல் பாங்க். அய்யா வாங்கியிருக்காரே. கேட்டைத் திறந்தாத்தானே குழி தோண்ட முடியும்?”

வாணலியில் மீன் கருகத் தொடங்கியது. ஜெஸ்ஸி அதை இறக்கி வைத்தாள். லாரல் பாங்க் என்ற அந்த வீட்டை அவளுக்குத் தெரியும். பதினான்கு புகைபோக்கிகள் உள்ள வீடு. அவளுடைய அம்மா முப்பது வருஷம் மீன் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு அந்த வீட்டுப் பின்வாசலில் போய் நின்றவள்.

அவளுக்கு வலித்தது. வீடு வாங்கியதற்காக இல்லை. இருபத்தாறு வருஷத்தில் கோலின் முதல் தடவையாக ஒரு விஷயத்தை அவளிடம் மறைத்திருக்கிறார். அதை ஒரு மேஸ்திரி வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் முகத்தில் அதைக் காட்டினாளா? இல்லவே இல்லை.

“இன்னஸ், அந்த வீட்டுல இப்போ யாராவது தூங்கறாங்களா?”

“இல்லீங்க, பூட்டிக் கிடக்கு.”

“நேத்து ராத்திரி புரோவோஸ்ட் இந்த மாடியிலே தூங்கினார். அவர் விட்ட குறட்டைக்கு நான்தான் சாட்சி. அப்போ விளக்கை எங்கே நடணும்?”

இன்னஸ் உத்தரவுக் காகிதத்தை எடுத்து நீட்டினான். அதில் மேட்டுத் தெரு என்றுதான் எழுதியிருந்தது. ராட்ரே எங்கே தூங்குகிறார் என்பது நகரச் செயலருக்குத் தெரியுமா, கட்டிய மனைவிக்குத் தெரியுமா என்று ஜெஸ்ஸி கேட்டாள். அவன் வைக்கோலைப் பிரித்தான்.

குழி தோண்டிக்கொண்டே, சாயங்காலம் விளக்கேற்றப் பாதிரியார்கூட வருகிறார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். படகுகள் கடலில் இருக்கும்போது ‘பாதிரியார்’ என்ற சொல்லைக் கரைத் தெருவில் யாரும் சொல்லக் கூடாது, படகுக்கு ஆகாது. கேட்டவர் உடனே இரும்பைத் தொட வேண்டும். அன்று ஹாடக் மீனுக்கு ஆறு படகுகள் போயிருந்தன. ஜெஸ்ஸி பாய்ந்து அடுப்புக் கம்பியைத் தொட்டாள். அதை மறக்காதவள் வேறொன்றை மறந்துவிட்டாள். கோபம் வந்தால் அப்படித்தான்.

பதினோரு மணிக்குச் சபை கூடியது. ராட்ரேக்குப் புரோவோஸ்டாக அது முதல் அமர்வு. மனுஷர் பரம்பரை பரம்பரையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்போல உட்கார்ந்திருந்தார். இறைச்சிச் சந்தைக்கு ஓடு மாற்றுவது, பள்ளிக்கூடத்துக்கு நிலக்கரி, இரண்டையும் இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார். ஆலையில் அவர் வேலை வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

அப்போதுதான் லாக்ஹார்ட் எழுந்தார். மேட்டுத் தெரு வக்கீல். அந்த ஒற்றை ஓட்டில் தோற்றவர். கரைத் தெருவில் குழி தோண்டுவதை வரும் வழியில் பார்த்துவிட்டு, கேள்வியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ராட்ரே அவர்களே, நகரத்தோட விளக்கை மீன் பீப்பாய்களுக்கு நடுவிலே நடறாங்க. அது உங்க உத்தரவா? இல்லே, மேஸ்திரி வழி தவறிட்டானா?”

ராட்ரேக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இன்னஸ் சாவி கேட்டிருக்கிறான். ஜெஸ்ஸிக்கு வீடு தெரிந்துவிட்டது. இது ஜெஸ்ஸியின் பதில். தன் உத்தரவு இல்லை என்று சொன்னால், சொந்த வீட்டிலேயே பேச்சு எடுபடாதவர் ஊரை ஆளப்போகிறாராம் என்று மத்தியானத்துக்குள் மேட்டுத் தெரு முழுக்கச் சிரிக்கும்.

“என் உத்தரவுதான்” என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த அவருக்குத் தெரியாது. நூற்றிருபது வருஷமாக வெளிச்சத்தில் இருக்கும் தெருவுக்கே இன்னும் எத்தனை விளக்கு வேண்டும் என்று கேட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு விளக்கேற்றுவது பெரிய விழாவாகவே நடக்கும், எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும், வாத்தியக் குழுவும் உண்டு என்று அந்த நிமிஷமே அறிவித்துவிட்டார். அவர் பக்கத்து ஆட்கள் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். லாக்ஹார்ட் உட்கார்ந்துவிட்டார்.

நகரச் செயலர் ஸ்பென்ஸ், தன் வழக்கப்படி, பேனாவை மையில் தோய்த்துக் குறிப்பேட்டில் எழுதினார்: ‘உத்தரவு தம்முடையதே எனப் புரோவோஸ்ட் தெரிவித்தார்.’

மத்தியானம் ராட்ரே வீட்டுக்குப் போகவில்லை. ஆலைக்குப் போனார். தைரியசாலிதான், ஆனாலும் சில வாசல்களைக் கண்டால் அவருக்கும் பயம்.

மகள் எல்ஸ்பெத் அலுவலக அறையில் இருந்தாள். இருபத்துநாலு வயசு. அப்பா சபைப் பக்கம் போனதிலிருந்து ஆலையை நடத்துவது அவள்தான். நன்றாகவே நடத்துகிறாள், அப்பாவைவிட நன்றாக என்று பெண்கள் சொல்வதுண்டு, அவர் காதில் விழாதபடி.

“அம்மா குழி தோண்ட வெச்சிட்டா” என்றாள் எல்ஸ்பெத்.

“தெரியும். நான்தான் தோண்டச் சொன்னேன்னு சபையிலே சொல்லிட்டேன்.”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். “வீடு என் பேர்ல இருக்குங்கறது அம்மாவுக்கு எப்போ தெரியப் போகுது? நான் கையெழுத்துப் போட்டு மூணு வாரம் ஆகுதுப்பா. தினம் அவ கையாலே சாப்பிடறேன்.”

ராட்ரே தன் திட்டத்தை மறுபடி சொன்னார். வியாபாரத்தில் நாற்பது வருஷம் பழகிய மூளை போட்ட திட்டம். “என் வீட்டுக்கு உங்கம்மா வரமாட்டா. பொண்ணு வீட்டுக்குன்னா வருவா. முதல்லே ஒரு வாரம்னு வருவா, அப்புறம் திரைச்சீலை சரியில்லேம்பா, அப்புறம் அடுப்பு சரியில்லேம்பா. அவ்வளவுதான்.”

மனைவியை வலை ஒப்பந்தம்போல நினைத்துவிட்டார், பாவம்.

ஏன் அந்த வீடு என்று எல்ஸ்பெத் கேட்டதில்லை; அன்று கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். பதினோரு வயசில் வலை மூட்டையோடு மழையில் அந்த வீட்டு முன்கதவைத் தட்டினாராம். கதவைத் திறந்த வேலைக்காரன் ஒரு வார்த்தை பேசாமல் பின்பக்கத்தைக் கை காட்டினானாம். வீட்டைச் சுற்றிப் பின்னால் போவதற்குள் மூட்டை நனைந்து கனத்து, சேற்றில் விழுந்துவிட்டது. அந்த முன்கதவை ஒரு தடவை உள்ளே இருந்து திறக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

எல்ஸ்பெத்துக்கும் ஓர் ஆசை இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. அந்த வீட்டு மாடியில் வடக்குப் பார்த்த ஓர் அறை. அங்கே மீன் வாசனை இல்லை, தார் வாசனை இல்லை. கையெழுத்துப் போட்ட அன்று தனியாகப் போய் அரை மணி நேரம் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அம்மாவிடம் சொல்லாததற்கு அப்பாவின் திட்டம் மட்டும் காரணம் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

விளக்கேற்றி முடிந்ததும் ஜெஸ்ஸியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக ராட்ரே வாக்குக் கொடுத்தார்.

மூன்றரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. நவம்பர் மாசம், போதாததற்குத் தூறல். எல்ஸ்பெத் வழக்கம்போல ஆலையின் உச்சி அறைக்கு ஏறி எண்ணெய் விளக்கை ஏற்றி ஜன்னலில் வைத்தாள்.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துறைமுக வாயிலுக்கு வெளியே நாய்ப்பல் என்று ஒரு பாறை. நீர் ஏறியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. படகுக்காரர்கள் துறைமுகச் சுவரின் முனை விளக்கையும், அதற்குப் பின்னால் ஆலை உச்சி விளக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வருவார்கள். கோடு தவறாதவரை பாறை பக்கத்தில் வராது. ராட்ரே ஆலை வாங்கி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த விளக்கு ஒரு நாள்கூட அணைந்ததில்லை. கரைத் தெரு அவரைச் சபைக்கு அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ராட்ரே வீடு ஆலையிலிருந்து நாற்பது அடி தெற்கே.

நாலு மணிக்கு மேட்டுத் தெரு முழுவதும் குடையோடு கரைத் தெருவில் இறங்கி நின்றது. நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு காட்சி கண்டதில்லை. பட்டுப் பாவாடைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீன் செதிலை மிதிக்காமல் அவர்கள் நடந்த அழகு! துறைமுக அதிகாரி தன் வேலையைப் பார்க்காமல் லாக்ஹார்ட்டின் மனைவிக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெரு ஆண்கள் எல்லோரும் கடலில். ஆலைப் பெண்கள் மட்டும் வேலை உடுப்போடு ஒரு பக்கம் நின்றார்கள்.

ஜெஸ்ஸி நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு கணவர் பக்கத்தில் நின்றாள்.

வாத்தியம் முழங்கியது. விளக்கேற்றுபவர் ஏணியில் ஏறி இரண்டையும் ஏற்றினார். ஒவ்வொன்றிலும் மூன்று எரிவாயுச் சுடர். ஈரத் தெரு முழுக்கச் சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக ஒளி பரவியது. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. என்னுடையதும் அதில் உண்டு. ஜெஸ்ஸிக்கே ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

ராட்ரே பேசத் தொடங்கினார். நன்றாகத்தான் பேசினார். குழாய்த் தண்ணீர் கரைத் தெருவுக்கும் வரும் என்றார், துறைமுகச் சுவர் நீளும் என்றார்.

ஐந்தாறு நிமிஷம் ஆகியிருக்கும். ஜெஸ்ஸி திரும்பி ஆலை உச்சியைப் பார்த்தாள். பழக்கம்தான், இருட்டியதும் கரைத் தெருப் பெண்கள் எல்லோரும் ஒரு தடவை பார்ப்போம். அன்று மட்டும் வேறு யாரும் பார்க்கவில்லை. இந்தப் பிரகாசத்துக்குப் பக்கத்தில், தூறலுக்குள், எண்ணெய் விளக்கு இருக்கிற இடமே தெரியவில்லை.

கடலில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. டேவி அண்ணனோடு படகில் போய் வளர்ந்தவள். இந்த இரண்டு விளக்கும் தூரத்தில் ஒரே வெளிச்சமாகத் தெரியும். அதைத்தான் ஆலை விளக்கு என்று பிடிப்பார்கள். முனை விளக்கையும் இதையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தால் அந்தக் கோடு நேராக நாய்ப்பல்லில் போய் முடியும்.

“கோலின், விளக்கை அணைக்கச் சொல்லு” என்றாள் தாழ்ந்த குரலில். சாவி விஷயம் தெரிந்த பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவர் பேச்சை நிறுத்தவில்லை. வீட்டுச் சண்டையை மேடையில் ஆரம்பிக்கிறாளே என்று பட்டிருக்கிறது.

“படகு” என்றாள்.

ராட்ரே உள்நாட்டுக்காரர், கடல் தெரியாதவர். ஆனால் ஜெஸ்ஸியின் முகம் தெரிந்தவர். ஒரு வாக்கியத்தின் பாதியில் வாயை மூடினார். விளக்கை அணைக்கும்படி கத்தினார்.

ஏணி அதற்குள் வண்டியில் ஏறிவிட்டது. எரிவாயுக் குழாயின் திருகு புதிதாகப் பதித்த கல்லுக்கு அடியில். இன்னஸ் கடப்பாரையோடு கல்லைப் பெயர்க்கத் தொடங்கினான். லாக்ஹார்ட் விளக்குக் கம்பத்துக்கு முன்னால் வந்து நின்றார். ஊர் கூடி ஏற்றிய விளக்கைச் சபைத் தீர்மானம் இல்லாமல் அணைக்கக் கூடாது என்றார். நூற்றிருபது வருஷத்துக் கண்ணாடி என்றார்.

ராட்ரே சேவகன் கையிலிருந்த வெள்ளித்தடியைப் பிடுங்கினார். “நகருங்க லாக்ஹார்ட்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு ஓங்கி அடித்தார். ஊர் முத்திரை தூள் தூளாகக் கொட்டியது. காற்று புகுந்து சுடரை ஊதி அணைத்தது. இரண்டாவது விளக்கை அவர் நெருங்குவதற்குள் எல்ஸ்பெத்தும் ஆலைப் பெண்களும் தார் பூசிய ஈரக் கித்தானை வீசி அதை மூடிவிட்டார்கள். இன்னஸ் திருகை எட்டிப் பிடித்தான்.

தெரு இருண்டது. மேலே, ஆலை உச்சியில், சின்ன வெளிச்சம் தெரிந்தது.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மேட்டுத் தெருவும் கரைத் தெருவும் ஒன்றாகத் துறைமுகச் சுவரில் போய் நின்றோம். முதல் படகு வந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஐந்தாவது ரொம்ப நேரம் கழித்து, தண்ணீரில் தாழ்ந்து, மெதுவாக வந்தது. அதில் இருக்க வேண்டியதைவிட ஆறு பேர் அதிகமாக இருந்தார்கள். டேவி மெயரும் அவர் படகின் ஐந்து ஆட்களும். அத்தனை பேரும் உயிரோடு. படகு இல்லை. நாய்ப்பல் அதன் அடிக்கட்டையைப் பிளந்துவிட்டது.

டேவி படியேறி வந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கூட்டம் தானாக விலகியது. சங்கிலியோடு நின்ற ராட்ரேக்கு நேராக வந்து நின்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு பேசினார்.

“மாப்ளே, கரையிலே ரெண்டு விளக்கு எரிஞ்சுதே. அதை நட்டது யாரு?”

“நான்தான்” என்றார் ராட்ரே. யோசிக்கவே இல்லை.

ஜெஸ்ஸி அதைக் கேட்டாள். அவளுக்குப் பேசாமல் இருக்க வழி இருந்தது. காலையில் சபையில் அவர் சொன்னதும் இதுதான், குறிப்பேட்டில் ஏறியதும் இதுதான். கரைத் தெரு அவரைத் திட்டும், கொஞ்ச நாளில் மறக்கும். ஆனால் ஒரு மெயர் வீட்டுப் பெண் கடல் விளக்கை மறந்தாள் என்றால் மறக்கவே மறக்காது. அவள் முன்னால் வந்தாள்.

“இல்லேண்ணே. நான். இவர் மேலே கோபத்துல நான்தான் இங்கே தோண்டச் சொன்னேன். ஆலை விளக்கு ஞாபகம் வரலே எனக்கு.”

டேவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மா பேர் வெச்ச படகு, ஜெஸ்ஸி” என்றார். ஜெஸ்ஸி அழுதாள், அத்தனை பட்டுக் குடைகளுக்கும் முன்னால், முகத்தை மறைக்காமல் அழுதாள்.

லாக்ஹார்ட்டுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. காலையில் ஒரு வாக்குமூலம், சாயங்காலம் ஒரு வாக்குமூலம், இரண்டில் எதைப் பதிவது என்று செயலர் ஸ்பென்ஸைக் கேட்டார். ராட்ரே காலையில் சொன்னது சரியென்றால் படகை உடைத்தவர்; மனைவி சொல்வது சரியென்றால் முதல் அமர்விலேயே சபையிடம் பொய் சொன்னவர். வக்கீல் இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார்.

ராட்ரே தலையை நிமிர்த்தினார்.

“ரெண்டையும் எழுதுங்க ஸ்பென்ஸ். காலையிலே நான் சொன்னது பொய். இவ சொல்றதுதான் நிஜம். அங்கே நடச் சொன்னது நான் இல்லேன்னாலும் விழா வெச்சதும் ஏத்தச் சொன்னதும் நான். வியாழக்கிழமை சபையிலே நானே எழுந்து நின்னு வாசிக்கிறேன். நான் வேணாம்னா சபை அன்னிக்கே வேற ஆளைப் பார்த்துக்கட்டும்.”

சேவகனிடம் தடியைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஆலைப் பெண் ஒருத்தி, இவரையா மாற்றுவார்கள் என்று முணுமுணுத்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஜெஸ்ஸி கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுது முடித்ததும் வேலையைப் பார்ப்பதுதான் அவள் சுபாவம்.

“கோலின், லாரல் பாங்கை வித்துடு” என்றாள். “நாளைக்கே. அண்ணனுக்குப் படகு வேணும். ஆறு குடும்பம் இருக்கு. கோடை ஹெர்ரிங் பருவத்துக்குள்ளே புதுப் படகு தண்ணியிலே இறங்கணும்.”

எதற்கும் பதில் வைத்திருக்கும் மனுஷர் மகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கணவர் ஏன் தயங்குகிறார் என்று ஜெஸ்ஸிக்குப் புரியவில்லை. அந்த வீட்டின் மேல் இவ்வளவு ஆசையா என்று கேட்டாள்.

எல்ஸ்பெத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கித்தானைப் பிடித்த கைகளில் முழங்கை வரை தார்.

“அப்பாவாலே விக்க முடியாதும்மா. அந்த வீடு என் பேர்ல இருக்கு.”

ஜெஸ்ஸி மகளைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். மறுபடி மகளைப் பார்த்தாள்.

“எப்பக் கையெழுத்துப் போட்டே?”

“மூணு வாரம் ஆச்சு.”

ஒரு நாளில் ஒரு மனுஷி எத்தனையைத் தாங்குவாள்? நான் அவள் விழுந்துவிடுவாளோ என்று பயந்து ஓரடி முன்னால் போனேன். அவள் விழவில்லை.

“அப்போ விக்கறதா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்” என்றாள் ஜெஸ்ஸி. “சொல்லு. உன் மாமா நிக்கறார்.”

டேவியும் அவருடைய ஐந்து ஆட்களும் போர்வையைச் சுற்றிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு நின்றார்கள். எல்ஸ்பெத் வாயைத் திறந்தாள். அந்த வடக்கு அறை அவள் கண் முன்னால் வந்தது.